தலைவி என்றால் ஒரு நாற்காலி

1

இன்றோடு ஒரு வருடம் ஆகிறது. போன வருடம் இதே நாளில் என் மகள் கயல், நான் வேலை பார்க்கும் இடத்தின் இரும்புக் கேட்டில் தன் வலது உள்ளங்கையைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டாள். பிறந்தநாள், கல்யாண நாள் எல்லாம் மறந்துபோகும் எங்கள் வீட்டில் இந்த நாளை மட்டும் யாரும் மறக்கவில்லை.

நான் வேலை பார்க்கும் இடம் ஆடு அறுக்கும் ஆலை. "அக்கா இங்கிலாந்துல டாக்டரா இருக்கு" என்று என் தம்பி ராசு, திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊரான வடமதுரை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். பொய்யில்லை. கால்நடை மருத்துவர்தான். ஆனால் அறுக்கிற இடத்தில் மருத்துவருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அவனுக்குப் பயம். சொல்லிவிடுகிறேன். லாரியில் வந்து இறங்கும் ஆடு நோயில்லாமல், அடிபடாமல், தாகத்தில் வாடாமல் வந்திருக்கிறதா என்று பார்த்து நான் கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஆடு பூரண ஆரோக்கியத்தோடு இருக்கிறது, ஆகையால் தாராளமாகச் சாகலாம் என்பதுதான் அந்தக் கையெழுத்தின் பொருள். நாகரிகமான நாடு. நோயாளி ஆட்டைக் கொல்ல இங்கே மனசு வராது.

வாரம் தவறாமல் கேட்டுக்கு வெளியே விலங்குரிமைக்காரர்கள் வந்து நிற்பார்கள். திட்டுவதற்கும் இங்கே ஒரு முறை இருக்கிறது. என் கார் நின்றதும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கண்ணாடிக்கு அருகே குனிந்து காலை வணக்கம் சொல்வார். இன்றைக்குக் குளிர் அதிகம் என்பார். அதற்குப் பிறகுதான், நீங்கள் ஒரு கொலைகாரி என்பது உங்களுக்குத் தெரியுமா என்று விசாரிப்பார். தெரியும், நன்றி என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போவேன்.

எல்லாரும் அவரைப் போல இருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது. எங்கள் மேலாளரின் கார் மீது சிவப்புப் பெயின்ட் ஊற்றினார்கள். அவர் மகன் படிக்கும் பள்ளியின் வாசலில் அவர் படத்தை ஒட்டிக் கீழே கொலைகாரன் என்று எழுதினார்கள். ஆடு மேல் கருணை வைத்தவர்களுக்கு அந்தப் பையன் மேல் வைக்கக் கொஞ்சம் மிச்சமில்லாமல் போய்விட்டது. எங்கள் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால், கழுத்தில் சிவப்புச் சாயம் பூசிய ஆட்டுக்குட்டிப் பொம்மை. என் வீட்டுக்காரர் அதை யாரோ கயலுக்கு அனுப்பிய பரிசு என்று நினைத்து, சாயம் போகிறதே என்று வருத்தப்பட்டு, சோப்புப் போட்டுக் கழுவிக் கொடியில் காதில் கிளிப் மாட்டிக் காயப்போட்டிருந்தார். மிரட்டலை இவ்வளவு சுத்தமாகத் துவைத்தவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

2

போராட்டம் என்றால் எனக்குத் தெரிந்தது திண்டுக்கல் போராட்டம்தான். அதில் ராசு கைதேர்ந்தவன். தக்காளியும் முருங்கையும் போடுகிற விவசாயி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி விலை விழுந்தால் உடனே சாலையில் கொட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பான். ஒரு தடவை ஆத்திரத்தில் வண்டியோடு அவ்வளவையும் கொட்டிவிட்டு வந்து, ரசத்துக்கு ஒரு பழம் இல்லாமல் கடையில் போய்க் காசு கொடுத்து வாங்கினான்.

எங்கள் ஊர்ச் சாலை மறியலுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதல் நாளே போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள். போலீஸ் வேனோடு வந்து காத்திருக்கும். சாலையில் உட்கார்ந்ததும் பஸ் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். இன்ஸ்பெக்டர் கலைந்து போகச் சொல்வார், இவர்கள் மாட்டோம் என்பார்கள், போட்டோ எடுக்கிறவர் எடுத்து முடித்ததும் அவர்களே வேனில் ஏறிக்கொள்வார்கள். அப்புறம் கல்யாண மண்டபம். மதியம் எலுமிச்சைச் சாதப் பொட்டலம். மாலையில் விடுவிக்கப்படுவார்கள்.

மண்டபத்தில் எல்லாரும் ஜமுக்காளத்தில் உட்கார வேண்டும். தலைவருக்கு மட்டும் ஃபேனுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி. இன்ஸ்பெக்டரே "தலைவரே, தண்ணி குடிங்க" என்பார். ஆகவே வேனில் ஏற்றும்போதே கூட வந்தவர்கள், "சார், இவருதான் தலைவரு" என்று தங்கள் ஆளைக் கைகாட்டிவிடுவார்கள். கைகாட்டப்பட்டவரை யாரும் தள்ள மாட்டார்கள், சட்டையைப் பிடிக்க மாட்டார்கள். இதற்குச் சட்டப் புத்தகத்தில் இடமிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. வடமதுரையில் இருக்கிறது.

ராசுவுக்கு அந்த நாற்காலி கிடைத்த நாளில் நானும் அங்கே இருந்தேன். நான் சாணார்பட்டியில் அரசாங்கக் கால்நடை மருத்துவராக இருந்த சமயம். பயிர் கருகிப் போனதற்கு இழப்பீடு கேட்டு ராசுவின் ஆட்கள் கொடுத்த மனுவை யாரும் கண்டுகொள்ளவில்லை. கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு வெள்ளாட்டைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் கழுத்தில் மாலை போட்டு, அதனிடம் மனு கொடுக்கும் போராட்டம் நடத்தினான். ஆடு பொறுப்பான ஆடு. மனுவை வாங்கிய கையோடு தின்றுவிட்டது. எல்லாரையும் கைது செய்தார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போக ஆளில்லாததால் ஆட்டையும் சேர்த்து.

இன்ஸ்பெக்டர் எனக்குப் போன் செய்தார். பேப்பரோடு குண்டூசியையும் தின்றிருக்கிறது, இதற்கு ஏதாவது ஆனால் நாளைக்கு அதற்கொரு போராட்டம் வரும், கொஞ்சம் வந்து பாருங்கள் டாக்டரம்மா என்று கெஞ்சினார். பள்ளி விடுமுறையில் இருந்த கயலையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். ஆட்டுக்கு ஒன்றுமில்லை. பந்திக்கூடத்தின் ஓரத்தில் வாழை இலையை மென்றுகொண்டிருந்தது. ஒரு வாளித் தண்ணீரை வைத்தேன், தலையை எடுக்காமல் குடித்தது. காலையிலிருந்து அதற்கு யாரும் தண்ணீர் காட்டவில்லை.

ராசு நாற்காலியில் இருந்தான். கயல் அவன் மடியில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டாள். யாரோ அவள் கையில் ஒரு கொடியைக் கொடுத்தார்கள். போராட்டம் என்றால் என்ன என்று அவள் கற்றுக்கொண்டது அங்கேதான். எனக்கும் அதற்கு மேல் தெரியாது என்பதுதான் பின்னால் வந்த வினை.

3

பிறகு நாங்கள் இங்கிலாந்துக்கு வந்துவிட்டோம். இங்கே வளர்ந்த கயல், என்னைப் பார்த்து என் படிப்பையே எடுத்தாள். கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கு நான் அடைந்த பெருமையை இங்கே எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுதேன்.

முதலில் கறியை விட்டாள். பிறகு முட்டை, பால். பிறகு தேனீக்களின் உழைப்பை மதித்துத் தேன். அதற்கடுத்து என் கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இதில் எத்தனை புழுக்கள் வெந்திருக்கும் என்று யோசனையோடு கேட்டாள். தெரியாது, முகூர்த்த நேரத்தில் எண்ண முடியவில்லை என்றேன்.

தமிழ் அவளுக்கு நன்றாகவே வரும், மரியாதைதான் கொஞ்சம் இடம் மாறி விழும். ஆடுகளை "அவங்க" என்பாள். "மாமா எங்க போயிருக்கான்?" என்று போனில் கேட்பாள். ராசு அதற்குக் கோபப்பட்டதே இல்லை. ஆட்டுக்குக் கொடுத்த மரியாதையில் மிச்சம் இருந்தால் தனக்கும் கொஞ்சம் கொடுக்கச் சொல் என்பான்.

எங்கள் ஆலை வாசலில் நிற்பவர்களோடு அவளும் சேர்ந்தபோது எனக்கு வருத்தம் இருந்தது, பயம் இல்லை. விலங்குகளின் நலனுக்காக உள்ளே நான், விலங்குகளின் நலனுக்காக வெளியே அவள். குடும்பத் தொழில்தானே என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அந்தப் பொம்மை காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார்.

4

இந்த நாட்டில் வெயில் அடித்தால் அதைச் செய்தியில் சொல்வார்கள். போன வருடம் அன்றைக்கு அப்படிச் சொன்ன வெயில். திண்டுக்கல்காரிக்கு அது வெயிலே இல்லை. ஆனால் கம்பளி போர்த்தியபடி பிறந்த இந்த ஊர் ஆட்டுக்கு அது நெருப்பு.

நான் உள்ளே இருந்தேன். கேட்டின் இரண்டு கதவுகளும் சேருகிற இடத்தில் கயல் தன் கையை ஒட்டியிருந்தாள். கையைக் கிழிக்காமல் கதவைத் திறக்க வழியில்லை. மற்றவர்கள் சாலையோரத்தில் காத்திருந்தார்கள். அவர்களுடைய தலைவன், ஒரு தாடிக்காரன், நடைபாதையில் நிழலாகப் பார்த்து நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் எதிலும் ஒட்டிக்கொள்ளவில்லை.

ஆடு ஏற்றிய லாரி வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது. பின்னால் போகவும் வழியில்லை, அது வந்து நின்றதும் மற்றவர்கள் அதற்குப் பின்னால் சாலையில் படுத்துவிட்டார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் இருந்தார்கள். பசையைக் கரைக்கிற மருந்தோடு வேறொரு குழு வர வேண்டும், மறியலால் சாலை அடைத்துக்கொண்டதால் அவர்கள் வரத் தாமதமாகிறது என்று என்னிடம் விளக்கினார்கள். அதை விளக்கும்போது அவர்கள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

ஓடுகிற லாரியில் காற்று புகுந்து புறப்படும். நின்ற லாரி அடுப்பு. பக்கவாட்டுச் சின்னக் கதவு வழியாக வெளியே போய் லாரியின் இடுக்கில் பார்த்தேன். ஆடுகள் எல்லாம் வாயைத் திறந்து இரைத்துக்கொண்டிருந்தன. ஒரு பெட்டை ஆடு விழுந்து கிடந்தது. கையில் இருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். அது எந்த மூலைக்கு?

கயலிடம் போனேன்.

"கயல், ஒண்ணு விழுந்துருச்சு. மத்ததெல்லாம் அது மேல ஏறி நிக்குது."

"நெசமா சொல்றீங்களா, கேட்டத் தெறக்குறதுக்காகச் சொல்றீங்களா?"

"நீ படிக்கிற படிப்புத்தான. செத்த நேரம் காதக் குடுத்துக் கேளு."

கேட்டாள். அந்த இரைப்புச் சத்தம் அவளுக்குத் தெரியும், பாடத்தில் இருக்கிறது. தாடிக்காரனைப் பார்த்து, லாரியைத் திரும்பிப் போகவாவது விடச் சொன்னாள். படம் நேரலையில் போகிறது, இன்னும் கொஞ்சம் பொறு, இந்தத் துன்பத்தை உலகம் பார்க்க வேண்டும் என்றான் அவன். ஆடு சாவதைத் தடுக்க வந்தவனுக்கு ஆடு செத்தால்தான் நல்லது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

என் முகத்தைப் பார்த்தாள். காலைக் கேட்டில் ஊன்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டு தன் கையைத் தானே பிய்த்து எடுத்தாள்.

இரும்பில் அவள் தோல் இருந்தது. கேட் திறந்து லாரி உள்ளே போனது, நிழலுக்கும் தண்ணீருக்கும். அது வேறு எங்கே போகிறது என்று அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் பிய்த்தாள்.

அதற்குள் போலீஸ் அவள் தோளைப் பிடித்துவிட்டது. கையில் ரத்தம் சொட்டச் சொட்ட அவளை வேனை நோக்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு போலீஸ்காரி என்னிடம் வந்து, இவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். என் மனசு உடனே வடமதுரைக்குப் போய்விட்டது. என் மகள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இவள் சாதாரணமாகக் கூட வந்தவள் இல்லை, இவள்தான் இந்தப் போராட்டத்தின் தலைவி என்றேன்.

போலீஸ்காரி அதை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டாள். அவள் சட்டையில் ஒரு கேமரா மின்னியது. எவ்வளவு மரியாதை என்று நினைத்தேன்.

5

வீட்டுக்கு ஓடிப்போய் எலுமிச்சைச் சாதம் கிளறி, டிபன் பாக்ஸில் போட்டு எடுத்துக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். மாலையில் விட்டுவிடுவார்கள், பசியோடு வருவாள் என்று கணக்கு. முன்னால் உட்கார்ந்திருந்தவர் டிபன் பாக்ஸைத் தள்ளி நின்று பார்த்து, இது என்ன என்று கேட்டார். சோறு என்றேன். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்றார். எப்போது விடுவீர்கள் என்று கேட்டேன். இன்றைக்கு இல்லை என்றார். அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலி காலியாகத்தான் கிடந்தது.

காரில் உட்கார்ந்திருந்தபோது, கயல் கைதானது தெரிந்து ராசு போனில் கூப்பிட்டான்.

"என்னக்கா, மண்டபம் பெருசா?"

"மண்டபம் இல்லடா. ஜெயிலு."

"கையில எண்ணெயத் தடவிட்டு ஒட்டியிருக்கலாம்லக்கா. சிறுமலப் பலாப்பழம் அறுக்கையில அம்புட்டுப் பேரும் தடவுறோம்ல" என்றான். அனுபவஸ்தன். வீட்டுக்காரர் அந்தச் சாதத்தை ஸ்பூன் இல்லாமல் சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் விட்டார்கள். கட்டுப் போட்ட கையோடு வந்தவள் மீது இரண்டு வழக்கு. வழி மறித்தது ஒன்று. கூட்டத்தைத் திட்டமிட்டு நடத்தியது இன்னொன்று. இரண்டாவதுதான் கனமானது, சிறைக்கு அனுப்பக்கூடியது. தாடிக்காரன் தன் பங்குக்கு ஒரு வீடியோ போட்டு, கடைசி நேரத்தில் கேட்டைத் திறந்துவிட்ட துரோகி என்று அவளை அறிவித்தான். போலீசுக்கு அவள் தலைவி, தலைவனுக்கு அவள் துரோகி. கல்லூரி இரண்டையும் கேட்டுக்கொண்டு, வழக்கு முடிகிறவரை வர வேண்டாம் என்றது. தண்டனை பெற்றவர்கள் இந்தத் தொழிலில் பதிவு பெறுவது சுலபமில்லை. என் மகள் டாக்டராக முடியாமலே போகலாம் என்று வக்கீல் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

நடத்தியவள் என்று எங்கிருந்து வந்தது என்று அவர் தேடினார். என் வாயிலிருந்து வந்திருந்தது. அந்தக் கேமராவில் நானே தெளிவாக, சற்று நிமிர்ந்து நின்று சொல்கிறேன். உண்மையான தலைவன் யார் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது என்றார் வக்கீல். கயல் சொல்லவில்லை. துரோகி என்று அவன் சொன்னதை நான் நிஜமாக்க மாட்டேன் என்றாள்.

ஆகவே கோர்ட்டில் நான் பேச வேண்டியதாயிற்று. என் ஆங்கிலம் ஆட்டு நோய்களைப் பொறுத்தவரை பிரமாதம். அன்றைக்கு அந்த ஆங்கிலத்தில் திண்டுக்கல் மாவட்டத்தில் கைதாகும் முறையை விளக்கினேன். வேன், மண்டபம், எலுமிச்சைச் சாதம், ஃபேன். தலைவர் என்றால் தள்ள மாட்டார்கள், உட்கார இடம் கொடுப்பார்கள் என்றேன். வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த அம்மையார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: அப்படியானால் நீங்கள் உங்கள் மகளைக் காட்டிக்கொடுக்கவில்லை, அவளுக்கு ஒரு நாற்காலி கேட்டீர்கள், அப்படித்தானே?

ஆமாம் என்றேன். அவள் கையில் ரத்தம் வந்தது, உட்கார வைப்பார்கள் என்று நினைத்தேன் என்றேன். கயல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எங்கள் மேலாளரும் வந்து சாட்சி சொன்னார். பெயின்ட் ஊற்றப்பட்ட காரின் சொந்தக்காரர். அந்தப் பெண் தன் கையைத் தானே பிய்த்து லாரிக்கு வழி விட்டதைப் பார்த்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். இரண்டாவது வழக்கு போயிற்று. முதலாவதற்குச் சம்பளமில்லாப் பொது வேலை. ஒரு பூங்காவில் இலை கூட்டினாள். ராசுவுக்குப் போனில் சொன்னேன். "இங்கன வந்துருந்தா நாற்காலி போட்டுருப்பாய்ங்க" என்று வருத்தப்பட்டான்.

6

கல்லூரி அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. ஒரு சிக்கல். இந்த நாட்டில் கால்நடை மருத்துவம் படிப்பவர்கள் எல்லாரும் அறுக்கிற ஆலையில் கொஞ்ச காலம் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும். அவள் பெயரைப் பார்த்ததும் ஒவ்வொரு ஆலையும் இடமில்லை என்றது. கடைசியில் ஒரே ஓர் இடத்தில் சரி என்றார்கள். எங்கள் மேலாளர்.

அவள் வேண்டாம் என்றிருந்தால் நான் வற்புறுத்தியிருக்க மாட்டேன். படிப்பை விட்டுவிடுகிறேன் என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று ஒரு வாரமாக எனக்குத் தூக்கம் சரியில்லை. சொல்லவில்லை. இன்று காலை பருத்திப் பையில் ஒரு டப்பா அவலை எடுத்துக்கொண்டு, காரில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கறி வாடை அடிக்கும் இடத்தில் இவள் எப்படிச் சாப்பிடுவாள் என்பதுதான் வழியெல்லாம் என் கவலை.

கேட்டுக்கு வெளியே கூட்டம் அதிகமாக இருந்தது. ஆண்டு நிறைவு. எல்லார் கையிலும் ஒரே படம். இரும்புக் கம்பியில் ஒட்டிக்கொண்டிருக்கும் தோல், அதன் கீழே, எங்கள் தோழி இங்கே ரத்தம் சிந்தினாள் என்று எழுத்து. துரோகி எப்போது தோழியானாள் என்று எங்களுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. கைக்கு மதிப்பு கூடிவிட்டது, கைக்குரியவள் காரில் உட்கார்ந்திருந்தாள்.

வழக்கமான பெண்மணி குனிந்தார். காலை வணக்கம் சொன்னார். இன்றைக்கு நல்ல வெயில் என்றார். பிறகு இரண்டு பேரையும் சேர்த்துக் கொலைகாரிகள் என்றார். கயல் நன்றி சொன்னாள்.

எங்களுக்கு முன்னால் ஒரு லாரி நின்றது. அதற்கு முன்னால் சிலர் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். எழுப்பினால் எழுந்துவிடுகிறவர்கள்தான், யாரும் ஒட்டிக்கொள்ளவில்லை. கயல் லாரியின் இடுக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக அவள் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"அன்னைக்கு விழுந்து கெடந்தாங்கள்ல, அவங்க எந்திரிச்சாங்களாம்மா?"

"எந்திரிச்சுச்சு. தண்ணி குடிச்சுச்சு. செத்த நேரத்துல நல்லா நின்னுச்சு."

"அப்புறம்?"

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஆசையும் இருந்தது.

"அப்புறம் நான் கையெழுத்துப் போட்டேன்."

அவள் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். அங்கே ரேகை இல்லை, வழவழவென்று இருக்கும். என்னைத் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. கார்க் கண்ணாடியை இறக்கி, வெளியே கையை நீட்டி வெயிலின் சூட்டைப் பார்த்தாள்.

"ஹாரன் அடிங்கம்மா. கேட்டத் தெறக்கச் சொல்லுங்க. லாரி வெயில்ல நிக்குது."